அம்மா பிறந்த ஆண்டு

நீண்ட பதிவு. பொதுச் சுகாதார வரலாற்றில் ஈடுபாடுள்ள நண்பர்களும் ஆய்வு மாணவர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் புனேயில் எங்கள் சிறு வாசிப்பு வட்டத்தில், கருக்கால ஊட்டத்திற்கும் பிற்கால நோய்களுக்கும் உள்ள உறவைப் பற்றிய கட்டுரைகளைப் பேசிக்கொண்டிருந்தோம். மராத்வாடாவிலிருந்து வந்து படிக்கும் ஓர் ஆய்வு மாணவி இடையில் குறுக்கிட்டார். மிகவும் மெலிந்த உடல்வாகு அவருக்கு. "28 வயதிலேயே எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதற்கு என் அம்மாதான் காரணம் என்கின்றனவா இந்தக் கட்டுரைகள்?" என்று கேட்டார். அறையில் எவரும் உடனே வாய்திறக்கவில்லை. நானும்தான். அவருடைய அனுமதியுடன் அந்தக் கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இதற்கு விடை தேட வேண்டிய இடங்களில் புனே முதன்மையானது என்பதும் ஒரு காரணம்.

இத்துறையின் தோற்றக் கதையை இங்கிலாந்திலிருந்து தொடங்குவதே வழக்கம். ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் மருத்துவச்சிகளை மேற்பார்வையிட்ட எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்னும் பெண்மணியின் முயற்சியால், 1911 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் பிறப்பெடையும் ஓராண்டு நிறைவில் இருந்த எடையும் பேரேடுகளில் எழுதப்பட்டன. பல பத்தாண்டுகளுக்குப் பின் அப்பேரேடுகளைக் கண்டெடுத்த சவுத்தாம்ப்டன் நோய்ப்பரவியல் அறிஞர் டேவிட் பார்க்கர், 1911க்கும் 1930க்கும் இடையே பிறந்த 5,654 ஆண்களின் வாழ்வையும் சாவையும் பின்தொடர்ந்து 1989இல் முடிவுகளை வெளியிட்டார். ஓராண்டில் எடை குறைந்திருந்தவர்களே இதய நோயால் மிகுதியாக மடிந்திருந்தார்கள். இதய நோய் செழிப்பின் நோய், வளர்ந்தோரின் பழக்கங்களால் வருவது என்று நம்பிய காலம் அது. 1992இல் பார்க்கரும் ஹேல்ஸும் சேர்ந்து சர்க்கரை நோய்க்கும் இவ்விளக்கத்தை விரித்தனர்: கருவில் பற்றாக்குறையைச் சந்திக்கும் உடல் மூளையைக் காப்பாற்றுவதற்காகக் கணையத்தையும் தசையையும் சுருக்கிக்கொள்கிறது, பிற்காலத்தில் உணவு தாராளமாகக் கிடைக்கும்போது அந்தச் சிக்கனமே பகையாகிறது.

இதற்கு 30 ஆண்டுகள் முன்னர், 1962இல், ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளரும் சிக்கனத்தைப் பற்றிப் பேசியிருந்தார். ஆனால் அவர் சிக்கனத்தை மரபணுவில் வைத்தார். பார்க்கர் அதை ஒரு வாழ்க்கையின் தொடக்க மாதங்களில் வைத்தார். சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் "இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் இயல்பிலேயே வரும்" என்ற வாக்கியத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பவர்களுக்கு அதன் கனம் விளங்கும். முதல் விளக்கம் ஓர் இனத்தின் குருதியைச் சுட்டுகிறது. இரண்டாவது, அந்தக் குருதி எந்தக் காலத்தில், எந்த வயிற்றில், எதை உண்டு உருவாயிற்று என்று கேட்கிறது. வரலாற்று மாணவனுக்கு இரண்டாவதில்தான் வேலை.

இந்தியாவில் முதற்சான்று மைசூரிலிருந்து வந்தது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை 1934 முதல் பிறப்புப் பதிவேடுகளைப் பாதுகாத்து வந்தது. அங்கே பிறந்து நடுவயதைக் கடந்த 517 பேரைக் கரோலின் ஃபால் முதலானோர் ஆராய்ந்து 1996இல் எழுதினர். இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவாகவும் பிறந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதய நோய், 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 விழுக்காட்டினருக்கே. ஆனால் சர்க்கரை நோயை ஆராய்ந்தபோது கணக்கு புரண்டது. மைசூரில் அந்நோய், சிறியதாகப் பிறந்தவர்களைக் காட்டிலும் நீளம் குறைந்து பருமனாகப் பிறந்தவர்களிடமே மிகுதியாக இருந்தது. இங்கிலாந்தின் வாய்ப்பாட்டை அப்படியே பெயர்த்து நட முடியாது என்பதற்கு இது முதல் எச்சரிக்கை.

இனி புனே. ராஸ்தா பேட்டையில் உள்ள கே.இ.எம். மருத்துவமனை 1912இல் தொடங்கப்பட்டது. (அது அமைந்துள்ள சாலையின் பெயர் சர்தார் முதலியார் சாலை. அவ்வழியே போகும்போதெல்லாம் தமிழ்க் காது ஒரு கணம் நிமிரும்.) 1944இல் அங்கே பணியில் சேர்ந்த பானு கோயாஜி, பிற்காலத்தில் அதன் இயக்குநராகி, 1972இல் புனேக்கு வெளியே வடூ என்னும் சிற்றூரில் ஊரக நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். உள்ளூர்ப் பெண்களையே பயிற்றுவித்து நலப் பணியாளர்களாக்கும் முறை அவருடையது. 1993இல் மகசேசே விருது பெற்றார். நகர மருத்துவமனையொன்று சிற்றூர் வீடுகளுக்குள் நடந்து செல்லப் பழகியிராவிட்டால், அடுத்து நான் சொல்லப்போகும் ஆய்வு நடந்தேயிராது என்பது என் கணிப்பு. 1972 என்ற ஆண்டை மட்டும் நினைவில் வைத்திருங்கள், மீண்டும் வருவோம்.

அம்மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவை வளர்த்த சித்தரஞ்சன் யாஜ்னிக், ஆக்ஸ்ஃபோர்டில் பயிற்சி பெற்றுத் திரும்பியபோது, தம்மிடம் வந்த நோயாளிகள் ஆங்கிலப் பாடநூலுக்குப் பொருந்தாதவர்களாக இருப்பதைக் கண்டார். வயது குறைவு, உடலும் மெலிவு. 2004இல் அவர் ஜான் யுட்கின் என்ற ஆங்கிலேய மருத்துவருடன் நின்று எடுத்துக்கொண்ட ஒளிப்படம் லான்செட் இதழில் வந்து புகழ்பெற்றது. இருவருக்கும் உடல் நிறைக் குறியெண் ஒன்றே: 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. தராசு இருவரையும் ஒன்றென்றது. உடல் அப்படிச் சொல்லவில்லை.

இந்த வேறுபாடு எப்போது தொடங்குகிறது? கே.இ.எம்.மில் பிறந்த குழந்தைகளை நான்கு வயதில் சோதித்தபோதே, பிறப்பெடை குறைந்தவர்களுக்குக் குளுக்கோஸ் பருகியபின் இரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் கூடுதலாக எழுந்தன. எட்டு வயதில், சிறியதாகப் பிறந்து பின்னர் எடை மிகுந்தவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு உச்சத்தில் இருந்தது. அப்படியானால் இன்னும் பின்னோக்கிப் போக வேண்டும். 1993இல் புனேக்கு அருகே மழை பொய்க்கும் ஆறு சிற்றூர்களில் தாய்மை ஊட்ட ஆய்வு தொடங்கியது.

இந்த ஆய்வின் அமைப்பைக் கவனியுங்கள். கருவுற்ற பெண்களை மருத்துவமனை வாசலில் நின்று திரட்டவில்லை; கருவுறும் வயதிலிருந்த மணமான பெண்கள் 2,466 பேரைக் கருவுக்கு முன்பே அளந்து பதிந்தார்கள். களப்பணியாளர்கள் மாதந்தோறும் வீடுவீடாகச் சென்று மாதவிலக்கு நாளைக் குறித்தார்கள். இப்படி ஏறத்தாழ 800 கர்ப்பங்கள் தொடக்கத்திலிருந்தே பின்தொடரப்பட்டன. அப்பெண்களின் சராசரி வயது 21. உயரம் 152 சென்டிமீட்டர். எடை 42 கிலோ அளவில். நாளுணவு சுமார் 1,800 கலோரி, புரதம் 45 கிராம். பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ.

எதிர்பார்க்கக்கூடிய முடிவு, தாய் உண்ட கலோரி கூடக் கூட குழந்தையின் எடையும் கூடும் என்பது. அது கிடைக்கவில்லை. மொத்தக் கலோரிக்கும் புரதத்திற்கும் பிறப்பளவுக்கும் வலுவான தொடர்பு தெரியவில்லை. கீரை, பழம், பால் ஆகியவற்றை எத்தனை முறை உண்டார்கள் என்பதற்குத்தான் தெரிந்தது. அகர்கர் ஆய்வு நிறுவனத்தின் ஷோபா ராவ் முதலானோர் 2001இல் இதை எழுதினர். ஈராண்டுக்குப் பின் இன்னொன்றும் எழுதினர்: தண்ணீர் சுமத்தல், துணி துவைத்தல், வயல்வேலை என்று கர்ப்ப காலத்தில் மிகுதியாக உழைத்த தாயரின் குழந்தைகள் சிறியனவாகப் பிறந்தன. இவ்விரண்டாம் கட்டுரையைப் பலர் மேற்கோள் காட்டுவதில்லை. கீரைக்கு மாத்திரை செய்துவிடலாம். தண்ணீர்க் குடத்துக்கு என்ன மாத்திரை?

பிறகுதான் 2003இல் வந்தது அந்தப் புகழ்பெற்ற தொடர்: மெலிந்தும் கொழுத்தும் பிறக்கும் இந்தியக் குழந்தை. ஆறு ஊர்களின் குழந்தைகளைச் சவுத்தாம்ப்டன் வெள்ளைக் குழந்தைகளோடு ஒப்பிட்டனர். இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5. வயிற்றுச் சுற்றளவும் கைச் சுற்றளவும், அதாவது உள்ளுறுப்புகளும் தசையும், மிகவும் குறைந்திருந்தன. ஆனால் தோள்பட்டைக்குக் கீழே தோல் மடிப்பின் தடிப்பு, அதாவது கொழுப்பு, அவ்வளவு குறையவில்லை. யாஜ்னிக்–யுட்கின் படத்தில் கண்ட வேறுபாடு பிறந்த குழந்தையிடமே எழுதப்பட்டிருந்தது.

அடுத்த திருப்பத்தைச் சொல்லுமுன் ஒரு பழைய கதை. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளைத் தாக்கிய கடும் இரத்தசோகையை ஆராய்வது அவர் பணி. பம்பாயிலும், நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அவர் ஆய்வுகளை நடத்தினார். ஈஸ்ட் சாறான மார்மைட் அந்நோயைத் தீர்த்ததை 1931இல் அறிவித்தார். அதிலிருந்த அறியப்படாத பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. இன்று உலகெங்கும் கர்ப்பிணிகள் விழுங்கும் மாத்திரையின் வேர், மேற்கிந்தியாவின் ஏழைத் தாயரின் இரத்தத்தில் இருக்கிறது. 1970இல் இந்திய அரசு இரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது இரும்போடு ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்தே வழங்கியது.

பி12 சேர்க்கப்படவில்லை. நுண்ணுயிரிகள் உண்டாக்கி, இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாக நமக்கு வரும் ஊட்டம் அது. உடலுக்குள் ஃபோலிக் அமிலமும் பி12உம் ஒரே நுகத்தின் இரண்டு மாடுகள். ஆறு ஊர்களின் தாயரில் மூன்றில் இரு பங்கினருக்கு இரத்தத்தில் பி12 குறைவு என்றும், ஃபோலேட் குறைந்தவர் ஒருவரே என்றும் 2008இல் தெரியவந்தது. அவர்களுடைய குழந்தைகளை ஆறு வயதில் சோதித்தபோது, பி12 மிகக் குறைந்தும் ஃபோலேட் மிக உயர்ந்தும் இருந்த தாயரின் பிள்ளைகளிடமே இன்சுலின் எதிர்ப்பு அதிகமாக இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் ஃபோலிக் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. தண்டுவடக் குறைபாட்டைத் தடுப்பதில் அதன் பங்கு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. ஒரு மாட்டை மட்டும் பூட்டி ஓட்டினோம் என்பதே இங்கே குறை.

இப்போது என் துறைக்கு வருகிறேன். 1993இல் தொடங்கிய ஆய்வில் தாயரின் சராசரி வயது 21 என்றேன். கழித்துப் பாருங்கள். அவர்கள் பிறந்தது 1972ஐ ஒட்டிய ஆண்டுகளில்.

1970 முதல் 1973 வரை மகாராஷ்டிரத்தின் உள்நாட்டுப் பகுதிகளில் தொடர்ந்து மழை பொய்த்தது. 1973 மே மாதத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் அரசின் நிவாரணப் பணிகளில் கல்லுடைத்துக்கொண்டிருந்தனர். அவர்களில் பெண்கள் ஏராளம். பின்னாளில் 1977இல் சட்டமான வேலை உறுதித் திட்டத்துக்கு இதுவே நாற்றங்கால். பஞ்சத்தைப் பெருஞ்சாவின்றித் தடுத்த வெற்றிக் கதையாக ஜான் திரேஸ் இதை எழுதினார். அது சரியான மதிப்பீடுதான். 1943இன் வங்காளத்தோடு ஒப்பிட்டால் வேறு எப்படியும் எழுத முடியாது. ஆனால் அந்த வெற்றியின் அளவுகோல் சாவு எண்ணிக்கை. கூலிக்குக் கல்லுடைத்த கர்ப்பிணியின் வயிற்றிலிருந்த பெண், 20 ஆண்டுகள் கழித்து 42 கிலோ எடையுள்ள இன்னொரு கர்ப்பிணியாக ஆய்வாளர் முன் நின்றிருக்கலாம். இது ஆண்டுக் கணக்கு மட்டுமே. ஆய்வின் முடிவு அல்ல. ஆயினும், "தாயின் ஊட்டக் குறை" என்று கட்டுரைகளில் ஒரு பத்தியாக நிற்கும் எண்ணுக்குப் பின்னே ஒரு பிறந்த ஆண்டு இருக்கிறது என்பதை அது நினைவூட்டுகிறது.

இன்னும் நூறாண்டு பின்னால் போகலாம். 1876–78 பஞ்சத்தில் தக்காணமும் சென்னை மாகாணமும் சேர்ந்தே மடிந்தன. 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியாளரின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்ற அளவுக்குக் குறைக்கச் செய்தார். புனேயின் சார்வஜனிக் சபை இதை எதிர்த்து எழுதியது. பம்பாய் தக்காணத்தில் பணியாளர்கள் வேலையை விட்டே வெளியேறினர். சென்னையில் சுகாதார ஆணையர் கார்னிஷ், ஒரு பவுண்டில் உழைக்கும் உடல் தாங்காது என்று வாதாடினார். அவர் பேசியது உழைப்பவரின் அன்றைய உடலைப் பற்றி. அவ்வுடல் பெறப்போகும் உடலைப் பற்றிக் கணக்கிட அக்காலத்தில் எவரிடமும் அளவை இல்லை.

டச்சு நாட்டின் 1944–45 பசிக் குளிர்காலம் இத்துறையில் எப்போதும் எடுத்தாளப்படுகிறது. கருவில் அப்பசியைக் கண்டவர்களின் சர்க்கரைத் தாங்குதிறன் நடுவயதில் குறைந்திருந்தது. அங்கே நன்றாக உண்டு வாழ்ந்த மக்கள்மேல் சில மாதங்கள் மட்டும் கவிந்த பசி அது. தொடக்கமும் முடிவும் தெரியும். தக்காணத்துப் பசிக்கு அத்தகைய எல்லைகள் இல்லை. இதைச் சோதிக்கப் புனே ஆய்வாளர்கள் எலிகளை 50 தலைமுறைகள் குறையூட்டத்தில் வளர்த்து, 2015இல் முடிவை வெளியிட்டனர். பிறகு இரண்டு தலைமுறைகள் நல்லுணவு கொடுத்தும் அவ்வெலிகளின் சர்க்கரை நோய்ச் சார்பு நீங்கவில்லை. எலி மனிதரல்லர். ஆனாலும் "இன்று நல்ல உணவு கிடைக்கிறதே, பிறகேன் நோய்?" என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு தலைமுறைகள் பதில் சொல்லும்.

கொள்கை இதையெல்லாம் எப்படி வாங்கிக்கொண்டது? 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கருவி தராசு. பசி வெளிப்படையாக இருந்த காலத்தில் அது சரியான கருவியே. ஆனால் தில்லியில் 1,492 பேரைப் பிறப்பு முதல் பின்தொடர்ந்து 2004இல் வந்த ஆய்வு தராசுக்கு ஒரு சிக்கலைக் கொடுத்தது. இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, அதன்பின் தம் வயதொத்தோரைவிட விரைவாகப் பருத்தவர்களிடமே சர்க்கரை நோய் கூடுதல். அவர்கள் 12 வயதில் பருமனானவர்களாகக்கூட இல்லை. இதைச் சாக்காக வைத்து ஏழைக் குழந்தைகளின் தட்டில் கைவைக்கக் கூடாது. 1982இல் விரிந்த நம் சத்துணவில் குறை காண இவ்வாய்வை எடுத்துக்காட்டுவோரை நான் சந்தித்திருக்கிறேன். அது தவறான வாசிப்பு. ஆய்வு சொல்வது காலத்தைப் பற்றி: உணவு இரண்டு வயதுக்கு முன்பே, கருவுக்கும் முன்பே, சேர வேண்டும்.

எவ்வளவு முன்பு? மும்பைக் குடிசைப் பகுதிகளில் 2006 முதல் 2012 வரை நடந்த சோதனையில், கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டியைக் கருவுக்கு முன்பிருந்தே பெண்களுக்கு வழங்கினர். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பிறப்பெடையில் உறுதியான மாற்றமில்லை. கருவுக்கு மூன்று மாதமேனும் முன்னர் தொடங்கியவர்களின் குழந்தைகள் 48 கிராம் கூடினர். அதிலும் மிக மெலிந்த தாயருக்குப் பயன் கிட்டவில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை நோயோ ஏறத்தாழப் பாதியாயிற்று. 48 கிராம் என்று கேட்டுச் சலித்துக்கொண்டவர்கள் உண்டு. மூன்று மாதச் சிற்றுண்டி 20 ஆண்டுக் குறையை ஈடுசெய்யும் என்று எதிர்பார்த்ததே பிழை என்பேன். புனேயில் யாஜ்னிக் குழுவினர் வேறு வழி தேர்ந்தனர். ஆறு ஊர்களில் பிறந்த குழந்தைகள் வளரிளம் பருவம் எய்தியதும், 2012 முதல், அவர்களுக்கே பி12 கொடுத்துப் பார்த்தனர். ஆண் பிள்ளைகளுக்கும் கொடுத்தனர் என்பதைக் குறித்துக்கொள்க.

அரசின் கடிகாரமோ இன்னும் கர்ப்பப் பதிவு நாளில்தான் ஓடத் தொடங்குகிறது. 1987இல் தமிழ்நாடு கொண்டுவந்த முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி ஒரு முன்னோடி. அதுவும் கர்ப்பிணியையே நாடுகிறது. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்குக் குறைந்தது 6,000 ரூபாய் என்றது. 2017இல் மத்திய அரசு வகுத்த திட்டம் முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 என்று சுருக்கியது. இரண்டாவதாகப் பிறப்பவரின் கணையம் வேறு விதியில் இயங்குகிறதா? வளரிளம் பெண்களுக்கு வாரந்தோறும் மாத்திரை உண்டு. அதிலும் இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான்.

எல்லாம் முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்று வாதிடும்போது எனக்குள்ளும் ஓர் அச்சம் எழுகிறது. ஒவ்வொரு சிறுமியையும் வருங்காலத் தாயாக மட்டும் காணும் கண்காணிப்பாக அது மாறிவிடலாம். 2014இல் சாரா ரிச்சர்ட்சன் முதலானோர் நேச்சர் இதழில் தாயரைப் பழிக்காதீர் என்று எழுதியது இந்த அச்சத்தால்தான். ஒரு சிறுமி கீரையும் பாலும் உண்ண வேண்டியது அவளுக்காகவே. தண்ணீர் வீட்டுக்கு வர வேண்டியதும் அவள் முதுகுக்காகவே.

வாசிப்பு வட்டத்து மாணவிக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். முடிவில் ஒன்று கேட்டிருந்தேன்: உங்கள் அம்மா எந்த ஆண்டு பிறந்தார்? பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1, 1972 என்று இருக்கிறதாம். மாணவர் சேர்க்கையின்போது ஆசிரியர் வழக்கமாக எழுதும் ஜூன் 1. பாட்டி அதை ஏற்பதில்லை. கிணறு வற்றி, ஊரே சாலை வேலைக்குப் போய்க் கல்லுடைத்து, அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்புச் சோளத்தில் ரொட்டி தட்டிய கோடையில், வேலையிடத்திலேயே வலி கண்டதாம். "அம்மாவைக் கேட்டேன், பாட்டியைக் கேட்கச் சொன்னார். பாட்டியைக் கேட்டேன், மழையைக் கேட்கச் சொல்கிறார்" என்று எழுதியிருந்தார்.